ஈஸ்னோபில் ஏறியிருக்கிறதா? இறக்க அவசரப்படாதீர்கள்

கேள்வி: கே.வி.குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. கொஞ்சம் நிலம் இருக்கிறது, வேர்க்கடலையும் நெல்லும் போடுகிறோம். என் மகனுக்கு 10 வயது. ஐப்பசி மழை விட்ட சமயம் வயலில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தான். கால்விரல் இடுக்கில் அரிப்பெடுத்துச் சிவந்து தடித்தது. இரண்டு வாரம் கழித்து வறட்டு இருமல். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மொத்த வெள்ளணு 9,500, ஈஸ்னோபில் 16 சதவீதம், ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. லேபில் இருந்தவர் ‘ஈஸ்னோபீலியா’ என்றார். ரத்தப் புற்றுநோயிலும் வெள்ளணு ஏறும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஆகஸ்டில் பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். அப்படியிருந்தும் பூச்சி வருமா? உடம்பில் எதிர்ப்பு சக்தி இருந்தால் அது பூச்சியைக் கொல்லாதா? எதிர்ப்பு சக்தி பவுடர் வாங்கித் தரலாமா? என் மாமனாருக்கு ரொம்ப நாளாக வீசிங். அவருக்கு ஈஸ்னோபில் 22 சதவீதம். மெடிக்கலில் தரும் சின்ன வெள்ளை மாத்திரையைப் போட்டால் இரண்டே நாளில் இறங்கிவிடுகிறது. அதையே பையனுக்கும் பாதி கொடுக்கலாமா?

— ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளை மாத்திரையைப் பையனுக்குக் கொடுக்காதீர்கள். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். மாமனாரிடமும் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அடுத்தது, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். வெள்ளணு ஏறினாலே ரத்தப் புற்றுநோய் என்பது இல்லை. ஈஸ்னோபில் என்பது வெள்ளணுக்களில் ஒரு வகை. சதவீதத்தை மட்டும் பார்த்தால் குழப்பம்தான் வரும். எண்ணிக்கையாக மாற்றிப் பாருங்கள். 9,500-இல் 16 சதவீதம் என்றால் 1,520. இதைத்தான் சில ரிப்போர்ட்டில் ஏ.இ.சி. என்று போடுவார்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500 வரை இருப்பது சாதாரணம். உங்கள் மகனுக்கு அதைப்போல் மூன்று மடங்கு இருக்கிறது. மொத்த வெள்ளணு 9,500 என்பது அளவுக்குள்தான். வயலில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைக்கு, காலில் அரிப்பு வந்து, பின்னாலேயே இருமலும் வந்திருக்கும்போது, என் மனம் முதலில் புற்றுநோய் பக்கம் போகாது. புழு பக்கம்தான் போகும். 1,500-க்கு மேலே ஏறிய எண்ணிக்கை மாதக்கணக்கில் இறங்காமலே நின்றால்தான் வேறு காரணங்களைத் தேடி, இதயம் உட்பட மற்ற உறுப்புகளையும் பார்க்க வேண்டும். நீங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

நம் பக்கத்தில் ‘எனக்கு ஈஸ்னோபீலியா’ என்று சர்க்கரை, பிரஷர் மாதிரி ஒரு வியாதியின் பெயராகவே சொல்கிறார்கள். தும்மல் வந்தால் ஈஸ்னோபீலியா, காலையில் மூக்கடைத்தால் ஈஸ்னோபீலியா. இந்தப் பேச்சை மாற்ற வேண்டும் என்று நான் பல வருடமாக ஒவ்வொரு நோயாளியிடமும் சொல்லிப் பார்க்கிறேன். அது நோய் இல்லை. உடம்பு எதையோ எதிர்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். தெருமுனையில் போலீஸ் வேன் நிற்பதைப் பார்த்தால், அங்கே என்ன நடந்தது என்றுதான் விசாரிப்போம். வேனை நகர்த்திவிட்டால் சரியாகிவிடும் என்று யாரும் நினைப்பதில்லை.

அந்த அணுவை ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மறக்கமாட்டீர்கள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, காயவைத்து, சாயம் ஊற்றிக் கழுவிப் பார்ப்போம். சிவப்பணுக்கள் வெளிறிய தட்டுகளாகப் பரவிக் கிடக்கும். நடுவில் ஒரு அணு மட்டும் உள்ளே செக்கச்செவேல் என்ற மணிகளை நெருக்கி அடைத்துக்கொண்டு, மாதுளையைப் பிளந்து வைத்த மாதிரி இருக்கும். அதன் உட்கரு இரண்டாகப் பிரிந்து, மூக்குக்கண்ணாடியின் இரண்டு வட்டம் போலத் தெரியும். 1879-இல் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக், ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை இந்த மணிகள் ஆசையாக உறிஞ்சிக்கொள்வதைக் கண்டு, அந்தச் சாயத்தின் பெயரையே அணுவுக்கு வைத்தார். ஈயோஸ் என்பது கிரேக்கர்களின் விடியல் தேவதை. கிழக்கு வெளுக்கும்போது வானத்தில் வருகிற நிறம்தான் அது.

அந்த மணிகள் சும்மா அழகுக்கு இல்லை. ஒவ்வொன்றும் விஷம் நிரப்பிய பொட்டலம்.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். எதிர்ப்பு சக்தி பூச்சியைக் கொல்லாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. காய்ச்சல் கிருமி ஒன்று உள்ளே வந்தால், அது நம் அணுக்களைவிடச் சிறியது. வெள்ளணு அதைச் சுற்றி வளைத்து விழுங்கிச் செரித்துவிடும். புழுவிடம் அந்த வேலை நடக்காது. மண்ணிலிருந்து பாதத்துக்குள் நுழையும் கொக்கிப்புழுவின் குஞ்சு அரை மில்லிமீட்டரைவிடச் சற்று நீளம். ஈஸ்னோபில் அணுவைப் போல 40 மடங்குக்கு மேல். குடலில் வளர்ந்து நிற்கும் புழு 1 சென்டிமீட்டர். அதை எந்த அணு விழுங்கும்?

அதனால் உடம்பு வேறு வழி வைத்திருக்கிறது. மழை விட்ட மறுநாள் களத்துமேட்டில் மண்புழு ஒன்றை எறும்புகள் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு எறும்பால் ஒன்றும் ஆகாது. நூறு எறும்பு ஒட்டிக்கொண்டால் புழு துடித்து அடங்கிவிடும். ஈஸ்னோபில்லும் அப்படித்தான் வேலை செய்கிறது. புழுக்குஞ்சின் தோல் மீது முதலில் ‘ஆன்டிபாடி’ என்னும் எதிர்ப்புப் புரதங்கள் போய் ஒட்டுகின்றன. புழுவென்றால் ஐஜிஇ என்ற வகை ரத்தத்தில் நிறையச் சேரும். அடையாளம் ஒட்டிய இடத்தில் ஈஸ்னோபில்கள் வந்து படிந்து, மணிப் பொட்டலங்களை உடைத்து அந்தத் தோலின் மேலேயே கொட்டுகின்றன. அந்தப் புரதம் குஞ்சின் தோலை ஓட்டைபோடும். இதை ஆய்வுக்கூடத்தில் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவு ஈஸ்னோபில் எங்கிருந்து வருகிறது? எலும்பு மஜ்ஜையிலிருந்து. டி செல் என்கிற வெள்ளணுக்களில் புழுவுக்கென்றே பழகிய ஒரு பிரிவு உண்டு. அது ரத்தத்தில் ‘இன்டர்லூகின் 5’ என்றொரு ரசாயனத் தகவலை அனுப்பும். மஜ்ஜைக்கு அது உத்தரவு மாதிரி: இன்னும் ஆள் அனுப்பு. பிறந்து வெளியே வரும் ஈஸ்னோபில் ரத்தத்தில் ஒரு நாள்கூட முழுதாகச் சுற்றுவதில்லை. சில மணி நேரத்தில் திசுக்களுக்குள், முக்கியமாகக் குடல் சுவருக்குள், போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக, ரிப்போர்ட்டில் நீங்கள் பார்த்த 1,520 என்பது வழியில் போய்க்கொண்டிருந்தவர்களின் கணக்கு மட்டும்தான். போர் நடக்கிற இடம் வேறு.

உங்கள் மகனுக்கு அது எங்கே நடந்திருக்கலாம் என்று நீங்கள் எழுதிய வரிசையே காட்டுகிறது. முதலில் கால்விரல் இடுக்கு. நம் வீடுகளில் இதைச் சேற்றுப்புண் என்று சொல்லி மஞ்சள் பூசிவிடுவோம். சேற்றுப்புண்ணில் பெரும்பாலும் பூஞ்சைதான் குற்றவாளி. ஆனால் வயலில் நடந்த அன்றோ மறுநாளோ கடுமையாக அரித்து, சின்னச் சின்னத் தடிப்பாக எழும்பினால், கொக்கிப்புழுக் குஞ்சுகள் துளைத்து நுழைந்த வாசலாக இருக்கலாம். சென்ற நூற்றாண்டுக்குச் சற்று முன்னால் கெய்ரோவில் வேலை செய்த லூஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, கொக்கிப்புழுக் குஞ்சு நிறைந்த நீரைத் தெரியாமல் தன் கையில் சிந்திக்கொண்டார். கை அரித்துச் சிவந்தது. சில வாரம் கழித்து அவர் மலத்திலேயே அந்தப் புழுவின் முட்டை வந்தது. புழு வாய் வழியாகத்தான் வரும் என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. தோல் வழியாக வரும் என்று அவருடைய அரிப்புதான் சொல்லிக்கொடுத்தது.

தோலில் நுழைந்த குஞ்சு ரத்தக் குழாயில் ஏறி நுரையீரலுக்குப் போகும். அங்கே காற்றறைகளை உடைத்துக்கொண்டு, மூச்சுக்குழாய் வழியாக மேலேறி, தொண்டைக்கு வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டு, அப்புறம்தான் குடலுக்குப் போய்ச் சேரும். இந்தப் பயணத்தின் நடுவில்தான் வறட்டு இருமல். ஈஸ்னோபில் ஏறுவதும் இந்தச் சமயத்தில்தான், ஏனென்றால் புழு திசுவுக்குள் நகரும்போதுதான் அணுக்களிடம் வசமாக மாட்டிக்கொள்கிறது. பையனைப் பார்க்காமல் நான் இதை உறுதி என்று சொல்ல முடியாது. ஆனால் அரிப்பு, இரண்டு வாரம், இருமல், ஈஸ்னோபில் என்று கோவையாக வருவதை என்னால் ஒதுக்கவும் முடியாது.

குஞ்சு குடலுக்கு வந்தபின் சண்டையின் முறையே மாறிவிடும். அங்கே கொல்வதைவிட, பிடியை விடுவித்து வெளியே தள்ளுவதுதான் உடம்பின் வேலை. குடலின் உள்சுவரில் டஃப்ட் செல் என்று ஒரு வகை உண்டு. உச்சியில் குடுமி மாதிரி மயிரிழைகள் இருக்கும். சாதாரண நாளில் இவை மிகக் குறைவு. இவை எதற்கு இருக்கின்றன என்பதே நெடுநாள் பிடிபடாமல் இருந்தது. புழு வந்ததை முதலில் மோப்பம் பிடிப்பது இவைதான் என்று 2016-இல்தான் எலிகளில் செய்த ஆய்வுகளில் தெரிந்தது. இவை தகவல் கொடுத்தவுடன் பக்கத்திலுள்ள தடுப்பணுக்கள் விழிக்கும், சளி சுரக்கும் செல்கள் பெருகும். வேலூர்க் கோட்டையைச் சுற்றி அகழி இருக்கிறதே, அது மாதிரி குடல் சுவருக்கும் புழுவுக்கும் நடுவில் வழுக்கும் சளி தடிமனாகத் திரளும். மாஸ்ட் செல் என்று இன்னொன்று, ஐஜிஇ-யைத் தன் உடம்பெல்லாம் ஒட்டவைத்துக்கொண்டு காத்திருக்கும். புழுவின் புரதம் பட்டவுடன் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். குடலுக்குள் நீர் சுரக்கும், குடல் தசை சுருங்கி விரிந்து பிசையும். அழுக்குத் தரையில் தண்ணீர் அடித்து விளக்குமாறு போட்டுத் தள்ளுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தும்மல், தோல் தடிப்பு, வீசிங் என்று நாம் அலர்ஜி என்கிறோமே, அதுவும் இதே ஐஜிஇ, இதே மாஸ்ட் செல், இதே ஈஸ்னோபில் கூட்டம்தான். புழுவுக்கென்று வைத்திருந்த ஆயுதத்தைத் தூசிக்கும் மகரந்தத்துக்கும் எடுத்துவிடுகிறது உடம்பு. அதனால்தான் ஈஸ்னோபில் ஏறியிருப்பதை மட்டும் வைத்துப் புழுவா அலர்ஜியா என்று யாராலும் சொல்ல முடியாது. விசாரிக்கத்தான் வேண்டும்.

இவ்வளவு இருந்தும் ஏன் புழு ஜெயிக்கிறது? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடிதத்தின் அடியில் அது இருக்கிறது. கொக்கிப்புழு ஒரு மனிதனின் குடலில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும். காரணம், அது தன் எச்சிலில் நம் அணுக்களைச் சாந்தப்படுத்தும் பொருட்களைக் கலந்து விடுகிறது. நம் உடம்பிலேயே ‘போதும், அடங்கு’ என்று சொல்லும் டி செல்கள் உண்டு. சண்டை எல்லை மீறி நம் திசுவையே அழித்துவிடாமல் பார்த்துக்கொள்பவை. அவற்றைப் புழு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். உடம்பும் ஒரு கணக்குப் போடுகிறது. பத்துப் புழுவைத் துரத்தக் குடலையே புண்ணாக்கிக்கொள்வதா, அல்லது பொறுத்துப் போவதா? பெரும்பாலும் பொறுத்துப் போகிறது. தட்டம்மை ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் பாதுகாப்பு. கொக்கிப்புழுவில் அப்படியில்லை. வயது ஏற ஏறக்கூட அது குறைவதில்லை, வயலில் இறங்கும் பெரியவர்களிடம்தான் அதிகம் இருக்கும்.

இதில் நம் மாவட்டத்துக்கு ஒரு பங்கு உண்டு. பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் போதுமா, ஊரிலுள்ள எல்லோருக்கும் கொடுத்தால் மண்ணிலிருந்தே புழு ஒழியுமா என்று பார்ப்பதற்காக மூன்று நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆப்பிரிக்காவில் பெனினும் மலாவியும். இந்தியாவில் அதற்குத் தேர்ந்தெடுத்த இடங்கள் நம் திமிரியும் ஜவ்வாது மலையும், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வாளர்கள் நடத்தினார்கள். பழைய வட ஆற்காட்டு மண்ணில் கொக்கிப்புழு இன்னும் இருக்கிறது என்பது ஆய்வு செய்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. உங்கள் பிள்ளைக்கு வந்தால் அது உங்கள் வளர்ப்பில் குறை இல்லை.

பள்ளி மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று 1 வயது முதல் 19 வயது வரை கொடுப்பது அல்பெண்டசோல். பெரிய பிள்ளைகளுக்கு 400 மில்லிகிராம், 1 முதல் 2 வயதுக்கு அதில் பாதி. நல்ல மாத்திரை, கட்டாயம் போட வேண்டிய மாத்திரை. ஆனால் அது அன்றைக்குக் குடலில் இருக்கும் புழுவைத்தான் தீர்க்கும், அதையும் எல்லோருக்கும் முழுசாக அல்ல. தடுப்பூசி மாதிரி நாளை வருவதைத் தடுக்காது. ஆகஸ்டில் மாத்திரை, ஐப்பசியில் சேறு, அதில் புதிதாக நுழைந்த குஞ்சு. இதில் முரண் எதுவும் இல்லை. மனிதக் குடற்புழுவுக்குத் தடுப்பூசி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. மலேரியாவும் ஒட்டுண்ணிதான், அதற்குத் தடுப்பூசி வந்துவிட்டது, ஒன்று நம் புனேயிலேயே தயாராகிறது. ஆனால் மலேரியாக் கிருமி ஒற்றைச் செல் உயிரி, சிவப்பணுவுக்குள் ஒளிந்து வாழ்வது. அதை எதிர்க்கும் அணுக்களும் முறையும் வேறு.

சரி, எதிர்ப்பு சக்தி பவுடர். வாங்காதீர்கள். அந்தக் காசில் முட்டை வாங்குங்கள். எதிர்ப்பு சக்தி என்பது ஒரு தொட்டித் தண்ணீர் அல்ல, ஊற்றி நிரப்புவதற்கு. மேலே சொன்ன ஒவ்வொரு அணுவும் ஒவ்வொரு ஆன்டிபாடியும் புரதத்தால் கட்டியது. சோற்றில் பருப்பும் முட்டையும் கடலையும் இருந்தால்தான் மஜ்ஜையால் உத்தரவை நிறைவேற்ற முடியும். நீங்கள் கடலை போடுகிறவர்கள். விற்றது போக ஒரு மூட்டையைப் பிள்ளைக்கென்று எடுத்து வையுங்கள். மாமியார் வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தால் சண்டை வேண்டாம், ஆனால் அதை நம்பி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதோடு, எதிர்ப்பு சக்தி கூடினால் எப்போதும் நல்லது என்ற எண்ணத்தையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால், அதன் குஞ்சு சில பேருக்கு மூளையில் போய்ச் சின்னக் கட்டியாகத் தங்கும். உயிரோடு இருக்கும்வரை அது நம் அணுக்களைச் சமாதானப்படுத்தியே வைத்திருக்கும். வருடக்கணக்கில் ஒரு தொந்தரவும் தெரியாது. அது சாகத் தொடங்கும்போதுதான் வேஷம் கலைகிறது. தடுப்பணுக்கள் அதைச் சூழ்ந்து தாக்கும், சுற்றிலும் மூளை வீங்கும், ஆளுக்கு வலிப்பு வரும். அந்த வலிப்புக்குப் புழுவைவிட நம் எதிர்ப்பு சக்திதான் நேரடிக் காரணம். வேலூரில் நரம்பியல் மருத்துவர்கள் இதை ஒரு தலைமுறைக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அங்கே சமயம் பார்த்து அந்த வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு கொடுப்பார்கள். மருத்துவர் அளந்து கொடுக்கும்போது அது உயிர் காக்கும் மருந்து.

மாமனாரின் வெள்ளை மாத்திரைக்கு இப்போது வந்துவிட்டோம். வீசிங்குக்கு மெடிக்கலில் பேர் சொல்லாமல் உதிரியாகத் தரும் சின்ன வெள்ளை மாத்திரை, அனேகமாக ஸ்டீராய்டு. பிரட்னிசலோனாகவோ டெக்ஸாமெத்தசோனாகவோ இருக்கும். ஸ்டீராய்டு போட்டால் ஈஸ்னோபில் மளமளவென இறங்கும், சில மணி நேரத்திலேயே. ஆனால் அவற்றைக் கூப்பிட்டவன் அப்படியே உள்ளே இருக்கிறான். ரிப்போர்ட் மட்டும் சுத்தமாகிவிட்டது.

கொக்கிப்புழுவின் தூரத்து உறவாக ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் என்றொரு புழு இருக்கிறது. அதற்கு ஊர் வழக்கில் பெயர் இல்லை, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்பதால். இதுவும் வெறுங்கால் வழியாகத்தான் வரும். கொக்கிப்புழு போடும் முட்டை வெளியே மண்ணுக்குப் போனால்தான் அடுத்த தலைமுறை. இதுவோ நம் குடலுக்குள்ளேயே குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சு வெளியே போகாமலே குடல் சுவரைத் துளைத்து மறுபடி சுற்றுக்கு வரும். அதனால் இதற்கு முடிவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கைதிகளை வேலை வாங்கினார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்களையும் ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் அந்தக் காட்டில் பலி கொடுத்தார்கள். அங்கிருந்து உயிரோடு ஊர் திரும்பிய பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் சிலரின் உடம்பில், 30 வருடம் தாண்டியும் இந்தப் புழு உயிரோடு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அத்தனை வருடமும் அதைக் கொல்ல முடியாவிட்டாலும், ஈஸ்னோபில்லும் அதன் கூட்டாளிகளும் எண்ணிக்கையில் கட்டிவைத்திருந்தன.

ஸ்டீராய்டு அந்தக் காவலை எடுத்துவிடும்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, மலையடிவாரத்திலிருந்து ஒரு பெரியவரைத் தூக்கிவந்தார்கள். வீசிங்குக்கு மூன்று மாதமாக ஏதோ ஓரிடத்தில் ஊசியும் மாத்திரையும். வயிறு உப்பி, காய்ச்சல், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஈஸ்னோபில் பூஜ்யம். அதனால் புழு என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. சளியை டிபி-க்காகப் பார்க்க எடுத்துப்போனேன். சாயம் ஊற்றுவதற்கு முன் ஒரு துளியை அப்படியே வைத்துக் குறைந்த லென்ஸில் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு கோடு வளைந்தது. நூலிழை என்று நினைத்தேன். அது மறுபடி வளைந்து, நிமிர்ந்து, துளியின் ஓரம்வரை நீந்திப்போய்த் திரும்பியது. பக்கத்தில் இன்னொன்று. சளி முழுக்கக் குஞ்சுகள். குடலைத் துளைத்துக்கொண்டு போகும்போது குடலிலுள்ள பாக்டீரியாவையும் ரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு போயிருந்தன. ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து கொடுத்தோம், ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம். நான்காம் நாள் அவர் போய்விட்டார். மூன்று மாதத்துக்கு முன் இரண்டு நாள் மாத்திரையில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். அதிலிருந்து, மண்ணில் இறங்கி வேலை செய்கிறவருக்கு ஸ்டீராய்டு எழுதும் முன் என் பேனா ஒரு நிமிடம் நிற்கும்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மாமனாரிடம் இது நடந்தே தீரும் என்றும் இல்லை. அவருக்கு ஆஸ்துமாவாகவே இருக்கலாம். அப்படியென்றால் இன்ஹேலர்தான் சரியான மருந்து. அதிலும் ஸ்டீராய்டு உண்டு, ஆனால் துளி அளவு, பெரும்பாலும் நுரையீரலோடு நிற்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். இரவில் மட்டும் இருமல் அதிகமாகி, ஏ.இ.சி. 3,000-ஐத் தாண்டினால் யானைக்கால் கிருமிக்கு நுரையீரல் காட்டும் கோபமாகவும் இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு, யானைக்கால் மாத்திரை என்று முன்பு வீடு வீடாக வந்து கொடுத்தார்களே, அந்த டி.இ.சி. எதுவென்று பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒன்று மட்டும் கவனம்: அவர் அந்த வெள்ளை மாத்திரையை வாரக்கணக்கில் தினமும் போட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்த வேகத்தில் இன்றைக்கே சட்டென்று நிறுத்திவிடச் சொல்லாதீர்கள். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டை மறந்துபோயிருக்கும், திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

பையன் விஷயத்தில், உண்மையைச் சொன்னால், அந்த ரிப்போர்ட்டில் என் கண் நின்றது ஈஸ்னோபில்லில் அல்ல. ஹீமோகுளோபின் 9.8. அவன் வயதுக்கு 11.5 இருக்க வேண்டும். இந்த ஐப்பசியில் நுழைந்த குஞ்சு இதற்குள் இவ்வளவு ரத்தத்தைக் குடித்திருக்க முடியாது. ஆக, ரொம்ப நாளாகவே இரும்புச் சத்துக் குறைவு இருக்கிறது, பழைய புழுவும் இருந்திருக்கலாம். நம் பக்கம் அதிகமுள்ள கொக்கிப்புழு ஒன்று நாளைக்கு 0.03 மில்லிலிட்டர் ரத்தம் குடிக்கும். அற்பம் என்று தோன்றும். நூறு புழு இருந்தால் நாளைக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி. வளர்கிற பிள்ளையிடமிருந்து மாதாமாதம் ஒரு சின்ன டம்ளர் ரத்தம். விளையாட்டில் சீக்கிரம் களைக்கிறானா, பாடத்தில் மந்தமா என்று யோசித்துப் பாருங்கள். பூச்சி மருந்தோடு இரும்புச் சத்து மருந்தும் மருத்துவர் சொல்லும் அளவில் மாதக்கணக்கில் தேவைப்படும். ஹீமோகுளோபின் ஏறியவுடன் நிறுத்திவிடக் கூடாது, சேமிப்பும் நிரம்ப வேண்டும்.

மலப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால் அதோடு விடாதீர்கள், வெவ்வேறு நாளில் மூன்று தடவை. புழு நுழைந்து முட்டை வெளிவரவே ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், இருமல் இருக்கும் சமயத்தில் மலத்தில் எதுவும் தெரியாமல் போகலாம். அரிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து ஒருமுறை பார்ப்பது நல்லது. காலை மலத்தைப் புளியங்கொட்டை அளவு எடுத்து டப்பாவில் போட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் லேபில் கொடுங்கள். சாயங்காலம் போகிற பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் அதற்குள் முட்டை பொரிக்கத் தொடங்கலாம், பார்ப்பவர் குழம்புவார். ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முட்டையைத் தேடிப் பயனில்லை, குஞ்சைத்தான் தேட வேண்டும். ரத்தத்திலும் ஒரு பரிசோதனை உண்டு. பள்ளியில் கொடுக்கும் ஒற்றை அல்பெண்டசோல் இந்தப் புழுவுக்குப் போதாது.

வயலுக்குப் போகும்போது மூடிய செருப்போ கம்பூட்ஸோ போடச் சொல்லுங்கள். பையன் மட்டுமல்ல, நீங்களும் உங்கள் கணவரும் மாமனாரும். நடவு நடும்போது செருப்பு போட முடியாது என்பது எனக்குத் தெரியும், நானும் விவசாயக் குடும்பம்தான். அதனால்தான் கழிப்பறை முக்கியம். கட்டிய கழிப்பறையில் விறகு அடுக்கிவைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஓடையோரம் ஒருவர் ஒதுங்கினால் அந்த மண்ணில் ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் நெளியும், நிழலும் ஈரமும் இருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்கும்.

இருமலோடு மூச்சுத் திணறல், விடாத காய்ச்சல், கறுப்பாக மலம், இவற்றில் எது வந்தாலும் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் பையனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இல்லாவிட்டால் இந்த வாரத்துக்குள் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த ரிப்போர்ட்டைக் காட்டினால் போதும், மலப் பரிசோதனையும் இரும்பு மருந்தும் அங்கேயே ஆகிவிடும். மாமனாரையும் கூடவே அழைத்துப் போங்கள். கிளம்பும்போது அவர் தலைமாட்டில் இருக்கும் அந்த மாத்திரைகளை, உதிரியாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப்போங்கள். அவர் எத்தனை மாதமாக, நாளைக்கு எத்தனை போடுகிறார் என்பதையும் அந்தக் காகிதத்திலேயே எழுதிவையுங்கள்.